சின்னம்மாட ரத்தத்தில செம்பு கூடவாம்

எங்கட ஆக்களில ஒராளுக்கு மார்பகக் கான்சர் எண்டு தெரிஞ்சா மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே வட்ஸ்அப் வைத்தியம் தொடங்கிடும். சின்னம்மாவுக்கும் அப்பிடித்தான். கட்டு அனோதா (முள்ளுச் சீத்தா) இலை அவிச்சுக் குடி, சீனியை நிப்பாட்டு, செம்புப் போத்தல்ல தண்ணி குடி, செம்புப் போத்தலைத் தூக்கி எறி (இது ரெண்டும் ஒரே குறூப்ல, ஒரே நாளில). கடைசியா லண்டன்ல இருக்கிற மச்சாள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின்ட சுருக்கத்தை அனுப்பினா, மார்பகக் கான்சர் வந்த பொம்பிளையளின்ட ரத்தத்தில செம்பு கூட, சிங்க் குறைவு, செலினியமும் குறைவு எண்டு. அதோட "அவவுக்கு மெட்டல் எல்லாம் செக் பண்ணினீங்களோ?" எண்டு ஒரு கேள்வி. அவ்வளவுதான், அடுத்த கிழமை சின்னம்மாட கையில ஒரு ரிப்போர்ட். கொழும்பில ஒரு பிரைவேட் லாப், பேர் வேண்டாம், 'ட்ரேஸ் மெட்டல் பனல்' எண்டு ஒரு பக்கேஜ், விலையைச் சொன்னா சித்தப்பா இண்டைக்கும் முகத்தைச் சுளிப்பார்.

ரிப்போர்ட் நேர எனக்குத்தான் வந்தது, ஏனெண்டா என்ட வேலை அது. வேலை எண்டா ரத்தம் இல்ல, நான் பார்க்கிறது தேயிலை, அரிசி, மிளகாய்த்தூள், கிணத்துத் தண்ணி, இதுகளுக்குள்ள ஈயம் எவ்வளவு கட்மியம் எவ்வளவு எண்டு அளக்கிற மெஷின். ஆனா சொந்தக்காரருக்கு அந்த வித்தியாசம் எல்லாம் ஒண்டும் இல்ல, "மெட்டல் எண்டா இவளிட்டக் கேளுங்கோ" எண்டு முடிஞ்சுது. அதனால இதை எழுதுறன். நான் டொக்டர் இல்ல, அதை முதலே சொல்லிப்போடுறன். ஆனா உலோகத்தை அளக்கிறது எப்பிடி, அந்த நம்பர் எங்க எங்க பொய் சொல்லும் எண்டது எனக்கு நல்லாத் தெரியும், மிச்சத்தை வாசிச்சன், சின்னம்மாட டொக்டரிட்டயும் கேட்டன்.

ரிப்போர்ட்ல இருந்தது இதுதான்: செம்பு ஒரு டெசிலிட்டருக்கு 168 மைக்ரோகிராம், பக்கத்தில சிவப்பு நட்சத்திரம். சிங்க் 61, அதுக்கும் நட்சத்திரம். செலினியம் ஒரு லீட்டருக்கு 210, அதுக்கு 'கூட' எண்டு அம்புக்குறி. ஈயமும் கட்மியமும் பிரச்சினை இல்ல. சாதாரணமா செம்பு ஒரு 70 தொடக்கம் 140 வரைக்கும், சிங்க் 70 தொடக்கம் 120 வரைக்கும் இருக்கும், லாபுக்கு லாப் கொஞ்சம் மாறும். மச்சாள் உடன லண்டன்ல இருந்து "அங்க 26க்கு மேல போனாலே கூட எண்டு சொல்லுவினம், இவவுக்கு 168ஆ!" எண்டு வொய்ஸ் மெசேஜ், குரல் நடுங்குது பாவம். அங்க மைக்ரோமோல்ல குடுப்பினம், இங்க மைக்ரோகிராம்ல குடுக்கிறாங்கள். செம்பெண்டா மைக்ரோகிராம் கணக்கை 6.35ஆல வகுக்கோணும், 168 எண்டது 26.4 தான். வெளிநாட்டு ரிப்போர்ட்டோட எங்கட ரிப்போர்ட்டை வச்சு ஒப்பிடுற ஆக்கள் தயவுசெய்து முதல்ல யூனிட்டைப் பாருங்கோ.

சரி, மச்சாள் அனுப்பின கட்டுரை பொய்யா? பொய் இல்ல. கான்சர் வந்த ஆக்களையும் வராத ஆக்களையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ரத்தம் எடுத்துப் பார்த்த ஆராய்ச்சி உலகம் முழுக்க கனக்க இருக்கு, அதில கனக்கவற்றில செம்பு ஏறி சிங்க் இறங்கித்தான் இருக்கு. செம்பை சிங்க்கால வகுத்து வாற விகிதம் எண்டு ஒண்டை வச்சு, நோய் முத்த முத்த அது கூடுது எண்டும் எழுதியிருக்கினம். எங்கட ஆக்கள் பிழைக்கிறது அதுக்குப் பிறகு வாற இடத்தில. 'செம்பு கூடினதால கான்சர் வந்தது' எண்டு வாசிச்சுப்போடுறாங்கள். அதுக்குப் பிறகு 'அப்ப செம்பை இறக்கு, சிங்க்கை ஏத்து' எண்ட முடிவுக்கு வர ரெண்டு நிமிஷமும் தேவையில்ல.

ரத்தத்தில இருக்கிற செம்பில 90 வீதம் மட்டில தனிய ஓடித்திரியிறதில்ல, செருலோபிளாஸ்மின் எண்ட ஒரு புரதத்துக்குள்ள இருக்கு. அந்தப் புரதத்தை ஈரல் செய்யுது. உடம்பில எங்கயாவது அழற்சி எண்டா, அது தொற்றோ, காயமோ, மூட்டுவாதமோ, கட்டியோ என்னவா இருந்தாலும், இன்டர்லூகின் மாதிரியான சிக்னல் ஈரலுக்குப் போகும், ஈரல் சிஆர்பி எண்ட அழற்சிப் புரதத்தைக் கூடச் செய்யிற மாதிரி இதையும் கூடச் செய்யும், புரதம் கூடினா அதுக்குள்ள இருக்கிற செம்பும் கூடித்தான் தெரியும். மழை பெய்யேக்க காலி வீதியில குடை கனக்கத் தெரியும், அதுக்காகக் குடையாலதான் மழை வந்தது எண்டு சொல்லுவமோ? ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோனும் இதைக் கூட்டும், அதால கர்ப்பிணிப் பிள்ளையளுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கிறவைக்கும் செம்பு ஏறும், கர்ப்பத்தின்ட கடைசி மாசங்களில ரெண்டு மடங்கு வரைக்கும் போகும். ஒருத்தரும் அதுக்காகப் பயப்பிடுறதில்ல.

சிங்க்குக்கு நேர் எதிர். அழற்சி வந்தா ஈரல் ரத்தத்தில இருக்கிற சிங்க்கை உள்ள இழுத்து மெட்டலோதயனின் எண்ட புரதத்தோட கட்டி வச்சுக்கொள்ளும், கிருமிக்கு சிங்க் கிடைக்கக்கூடாது எண்ட பழைய ஒரு பாதுகாப்பு வேலை இது. இன்னொண்டு, வளர்ந்த ஒராளின்ட உடம்பில 2 கிராம், 3 கிராம் மட்டில சிங்க் இருக்கு, அதில ரத்தத்தின்ட திரவப் பகுதியில இருக்கிறது ஆயிரத்தில ஒரு பங்கு மாதிரித்தான். மிச்சம் தசையிலயும் எலும்பிலயும். அப்ப அந்த ஆயிரத்தில ஒரு பங்கு கொஞ்சம் இடம் மாறினா ரிப்போர்ட்ல நட்சத்திரம் விழும், உடம்பில சிங்க் பஞ்சம் எண்டு அர்த்தமில்ல. ரத்தத்தில ஓடுற சிங்க்கில கூடப் பங்கு அல்புமின் எண்ட ரத்தப் புரதத்தோட ஒட்டித்தான் இருக்கு, சாப்பாடு சரியில்லாம அல்புமின் இறங்கினாலும் சிங்க் இறங்கும். அதனாலதான் சிங்க் பார்க்கிறதெண்டா சிஆர்பியும் அல்புமினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுறது. சின்னம்மாட பக்கேஜ்ல அந்த ரெண்டும் இல்ல. ரத்தம் எடுத்த கிழமை அவ தடிமன் காய்ச்சலோட கிடந்தவ, பயொப்சிக்குச் சதை எடுத்த இடமும் வீங்கியிருந்தது.

என்னைப் பிடிச்சிழுத்தது என்னெண்டா, ரத்தத்தில சிங்க் குறைஞ்சிருக்கிற அதே ஆளின்ட கட்டியை வெட்டி எடுத்து அளந்தா அங்க சிங்க் பக்கத்துச் சாதாரண சதையை விடக் கூட இருக்கும். மார்பகக் கலங்களுக்குள்ள சிங்க்கைக் கொண்டுபோற கதவு மாதிரியான புரதங்கள் இருக்கு, அதில சிப்6 எண்டது ஈஸ்ட்ரஜனால கூடுறது, அதுக்கு இன்னொரு பேர் லிவ்-1. அதைக் குறிவச்சு கான்சர் மருந்து செய்து மனுசரிலயும் சோதிச்சுப் பார்த்திருக்கினம். அப்ப யோசியுங்கோ, ரத்தத்தில குறைவு எண்டு சிங்க்கை அள்ளிக் குடுத்தா அது போய்ச் சேருற இடம் எது எண்டு எங்களுக்கு என்ன உத்தரவாதம்?

இனி அளக்கிற கதைக்கு வாறன், இதில நான் கொஞ்சம் அலட்டுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் லாப்ல ஒரு போத்தலைப் பாவிக்க முதல் நைட்ரிக் அசிட்ல ஊறவச்சு, அயன் நீக்கின தண்ணியில திரும்பத் திரும்பக் கழுவி, தூசி படாம மூடித்தான் வைக்கிறது. ஏனெண்டா சிங்க் இல்லாத இடமே இல்ல. ரப்பர் செய்யேக்க சிங்க் ஒக்சைட் போடுவினம், அப்ப கையுறையில சிங்க், ரப்பர் மூடியில சிங்க், கொழும்புத் தூசியில சிங்க், தகரக் கூரையில பூசியிருக்கிறதே சிங்க். அணு உறிஞ்சல் முறை எண்டு சொல்லுற மெஷின், 1955ல அவுஸ்திரேலியாவில அலன் வால்ஷ் எண்ட விஞ்ஞானி கொண்டு வந்த முறை, ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு விளக்குப் போடோணும், சிங்க்குக்கு 213.9 நனோமீட்டர் அலைநீள ஒளி, செம்புக்கு 324.8. நான் புதுசா வேலைக்கு வாற பிள்ளையளுக்கு முதல் காட்டுறது இதைத்தான், ஒண்டுமில்லாத சுத்தத் தண்ணிக்குள்ள கையுறை போட்ட விரலைக் கொஞ்ச நேரம் வச்சு எடுத்துப்போட்டு அந்தத் தண்ணியை சிங்க்குக்கு ஓடவிடச் சொல்லுவன், நம்பர் ஏறுறதைப் பார்த்து அவங்கட முகம் மாறும்.

ரத்தத்துக்கும் இதே சட்டம்தான். உலோகம் பார்க்கிறதுக்கெண்டே தனிய ஒரு டியூப் இருக்கு, கடும் நீல மூடி, உள்ளுக்கு உலோகம் இல்ல எண்டு சோதிச்சு அனுப்புறது. "சின்னம்மா, ரத்தம் எடுத்த டியூப்ல மூடி என்ன நிறம்?" எண்டு கேட்டன். "மஞ்சள் பிள்ளை, எப்பவும் எடுக்கிறதுதானே." மஞ்சள் மூடி எண்டா அடியில ஜெல் இருக்கிற சாதாரண டியூப், சீனி, கொலஸ்ரோல் எல்லாம் பார்க்கிறது. அதில சிங்க் பார்க்கிறது சரியான முறை இல்ல. சாதாரண ரப்பர் மூடியில இருந்து சிங்க் ஊறி நம்பர் கூடலாம். சிவப்புக் கலங்களுக்குள்ள இருக்கிற சிங்க் வெளித் திரவத்தில இருக்கிறதை விட எவ்வளவோ கூட, அதால ரத்தம் எடுக்கேக்க கலம் உடைஞ்சாலும் கூடும், கையில பட்டியைக் கன நேரம் இறுக்கி வச்சாலும் கூடும். மற்றப் பக்கம், சிங்க் காலமை கூட, சாப்பிட்டாப் பிறகு இறங்கும். சின்னம்மா போனது பின்னேரம், வெள்ளவத்தையில மத்தியானச் சோறு வடிவாச் சாப்பிட்டுட்டு. அப்ப அந்த 61 எண்டதில எவ்வளவு நோய், எவ்வளவு காய்ச்சல், எவ்வளவு சோறு, எவ்வளவு மூடி எண்டு பிரிச்சுச் சொல்ல ஒராளாலயும் ஏலாது, கடவுள் வந்தாலும் ஏலாது.

அடுத்தது செலினியம். மச்சாளின்ட கட்டுரையில செலினியம் குறைவு எண்டு, சின்னம்மாவுக்குக் கூட எண்டு. வீட்டில எல்லாரும் குழம்பிப்போச்சினம், சித்தப்பா "அப்ப இது கான்சர் இல்லையோ" எண்டு வரைக்கும் போயிட்டார், அந்த ஆசை எனக்கு விளங்குது. நான் ரிப்போர்ட்டின்ட அடியைப் பார்த்தன், ஐசிபி-எம்எஸ் முறையில செய்தது எண்டு சின்ன எழுத்தில இருந்தது. உடன நான் கேட்டது "எம்ஆர்ஐ எப்ப எடுத்தது?" ரெண்டு நாளைக்கு முதல்தானாம், ஊசி போட்டு எடுத்ததாம்.

மார்பக எம்ஆர்ஐக்குப் போடுற அந்த ஊசிக்குள்ள இருக்கிறது கடோலினியம், அதுவும் ஒரு உலோகம்தான். ஐசிபி-எம்எஸ் எண்டது ஆர்கன் வாயுவை ஆயிரக்கணக்கான பாகைக்குச் சூடாக்கி, அணுக்களை அயனாக்கி, நிறையைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற மெஷின். உண்மையில அது பார்க்கிறது நிறையை மின்னேற்றத்தால வகுத்தால் என்ன வருது எண்டதை. கடோலினியத்தின்ட ஒரு வகை அணு 156. அது ஒரு இலத்திரனுக்குப் பதிலா ரெண்டை இழந்தா, 156ஐ ரெண்டால வகுத்தா 78. செலினியத்தில மெஷின் வழமையாப் பார்க்கிற ஒரு வகையின்ட நம்பரும் 78! மெஷின் பாவம், வந்தது செலினியம் எண்டு நினைச்சு எண்ணிப்போடும். இதைத் தடுக்க வழி இருக்கு, நல்ல லாப்கள் செய்யிறவை, அதோட எம்ஆர்ஐக்குக் கடோலினியம் ஊசி அல்லது சிடி ஸ்கானுக்கு அயடின் ஊசி போட்ட ஆக்கள் குறைஞ்சது 96 மணித்தியாலம் பொறுத்துத்தான் உலோக டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கோணும் எண்டு பெரிய லாப்கள் எழுதியே வச்சிருக்கினம். கவுண்டர்ல காசு வாங்கின பிள்ளை சின்னம்மாட்ட அதைக் கேட்கேல்ல, கேக்கோணும் எண்டு அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுத்திருக்கவும் மாட்டினம். மார்பகக் கான்சர் ஆக்களில எத்தினை பேருக்கு எம்ஆர்ஐயும் சிடியும் எடுக்கிறது, அவைக்கே இந்த பக்கேஜை விக்கிறதெண்டா இந்தக் கேள்விதானே முதல் கேள்வியா இருக்கோணும்.

சரி மெஷினை விடுவம். நம்பர் எல்லாம் சரியெண்டே வச்சுக்கொள்ளுவம், அப்பவும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. கான்சர் வந்தாப் பிறகு எடுத்த ரத்தம், கான்சர் வர முதல் உடம்பில என்ன இருந்தது எண்டு சொல்லாது. இதைத் தெரிஞ்சுகொள்ளோணும் எண்டா சுகமா இருக்கிற ஆக்களிட்ட சாம்பிள் எடுத்து வச்சுக்கொண்டு வருஷக்கணக்காக் காத்திருக்கோணும். அமெரிக்காவில நர்ஸ்மாரை வச்சு அப்பிடிச் செய்தவை. ரத்தம் இல்ல, கால்விரல் நகம்! 60 ஆயிரத்துக்கு மேல பொம்பிளையள் நகம் வெட்டித் தபால்ல அனுப்பினவை. நகம் மெதுவா வளருறதால கன மாசத்துச் செலினியத்தை அது பதிஞ்சு வச்சிருக்கும், நேற்றுச் சாப்பிட்டது, இண்டைக்குக் காய்ச்சல், ஒண்டும் அதை அசைக்காது. 1990ல முடிவு வெளிவந்தது, பிறகு மார்பகக் கான்சர் வந்தவைக்கும் வராதவைக்கும் நகத்தில இருந்த செலினியத்தில சொல்லக்கூடிய வித்தியாசம் இல்ல. நோய்க்குப் பிறகு ரத்தத்தில குறைவாத் தெரிஞ்சது, நோய்க்கு முதல் நகத்தில தெரியேல்ல. என்னைக் கேட்டா இந்த விஷயம் முழுக்க இந்த ஒரு ஆராய்ச்சிக்குள்ள அடங்கும்.

கட்மியம் மட்டும் வேற சாதி. செம்பும் சிங்க்கும் செலினியமும் உடம்புக்குத் தேவை, கட்மியத்தால உடம்புக்கு ஒரு பிரயோசனமும் இல்ல, உள்ள போனா சிறுநீரகத்தில 10 வருஷம் 20 வருஷம் 30 வருஷம் எண்டு குந்தியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின்ட கான்சர் ஆராய்ச்சி அமைப்பு 1993லயே அதை மனுசருக்குக் கான்சர் வரப்பண்ணுறது எண்டு முதல் பிரிவில போட்டிட்டுது, முக்கியமா தொழிற்சாலைக் காத்தைச் சுவாசிச்ச ஆக்களின்ட நுரையீரல் கான்சரை வச்சு. மார்பகத்தோட என்ன தொடர்பு எண்டா, கட்மியம் ஈஸ்ட்ரஜன் மாதிரி நடிக்குது. 2003ல எலிகளுக்கு நல்லாக் குறைஞ்ச அளவில குடுத்துப் பார்த்தவை, கர்ப்பப்பை நிறை கூடினது, மார்பகச் சுரப்பி வளர்ந்தது, ஈஸ்ட்ரஜன் செய்யிற வேலை எல்லாம் நடந்தது. அதுக்குப் பிறகுதான் 'மெட்டலோ-ஈஸ்ட்ரஜன்' எண்ட சொல்லு பரவினது. ஆனா மனுசரில கதை அவ்வளவு நேர இல்ல. சுவீடன்ல 55 ஆயிரத்துக்கு மேல பொம்பிளையளைக் கன வருஷம் பின்தொடர்ந்து 2012ல சொன்னது, சாப்பாட்டால கட்மியம் கூடப் போன ஆக்களுக்கு மாதவிடாய் நிண்டாப் பிறகு வாற மார்பகக் கான்சர் 21 வீதம் கூட எண்டு. அதே வருஷம் அமெரிக்காவில செய்த ஒண்டில அப்பிடி ஒரு தொடர்பும் இல்ல. அதனால ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி ஃபோர்வேட் பண்ணுற ஆக்களை நம்பாதேங்கோ.

இங்க கட்மியம் எண்டாலே எல்லாருக்கும் ரஜரட்டை (வடமத்திய மாகாணப் பக்கம்) சிறுநீரக வருத்தமும் அரிசியும்தான் ஞாபகம் வரும், பேப்பர்ல அவ்வளவு அடிபட்ட பேர், அது இன்னும் தீராத வாதம். அரிசிக்கு கோடெக்ஸ் எண்ட சர்வதேச உணவுத் தர அமைப்பின்ட எல்லை கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், நாங்கள் பார்க்கேக்க அந்தக் கோட்டை வச்சுத்தான் பார்க்கிறது. சோறு கனக்கச் சாப்பிடுற சனம் எண்டபடியா அது முக்கியம்தான், ஆனா புகைக்கிற ஒராளுக்கு எல்லாத்தையும் விடப் பெரிய கட்மியக் கடை சிகரெட். புகையிலைச் செடி மண்ணில இருந்து கட்மியத்தை இழுத்து இலையில சேர்க்கும், புகைக்கிற ஆக்களின்ட ரத்தத்தில மற்றவையை விட ரெண்டு மூண்டு மடங்கும் அதுக்கு மேலயும் இருக்கும். இன்னொண்டு எங்கட பொம்பிளையளுக்கு முக்கியம்: உடம்பில இரும்பு குறைஞ்சா குடல் கட்மியத்தைக் கூட உறிஞ்சும், இரும்பு போற பாதையாலதான் இதுவும் போறது. ரத்தச்சோகையைக் கவனிக்காம விட்டுப்போட்டு 'ஹெவி மெட்டல் டீடொக்ஸ்' வாங்கிக் குடிக்கிறது தலைகீழ் வேலை.

இனி மாத்திரைக் கதை. ரிப்போர்ட் வந்த பின்னேரமே சித்தப்பா ஃபார்மசிக்குப் போய் 50 மில்லிகிராம் சிங்க் வாங்கிக்கொண்டு வந்திட்டார். பெரிய பொம்பிளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 8 மில்லிகிராம், மேல் எல்லை 40. எல்லை தாண்டி மாசக்கணக்கா சிங்க் எடுத்தா குடல் செம்பை உள்ள எடுக்காது, செம்பு இறங்கினா என்ன நடக்கும் தெரியுமோ, ரத்தச்சோகை வரும், வெள்ளைக் கலத்தில நியூட்ரோபில் எண்ட சாதி விழுந்துபோகும். கீமோ எடுக்கிற ஆக்களுக்கு டொக்டர்மார் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குள்ள எண்ணெய் விட்டுப் பார்க்கிற நம்பர் அந்த நியூட்ரோபில்தான்! அது விழுந்தா அடுத்த கீமோ தள்ளிப்போகும், மருந்தாலதான் விழுந்தது எண்டு டொக்டர் நினைப்பார், வீட்டு அலுமாரிக்குள்ள இருக்கிற சிங்க் போத்தலைப் பற்றி அவருக்குத் தெரியாது, ஏனெண்டா "விட்டமின்தானே" எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்ல.

செலினியமும் அப்பிடித்தான். 1996ல தோல் கான்சருக்காகச் செய்த ஒரு ஆராய்ச்சியில செலினியம் எடுத்தவைக்கு புரொஸ்டேட் கான்சர் குறைஞ்ச மாதிரித் தெரிஞ்சது, உடன ஊர் முழுக்க செலினியம். அதைச் சரிபார்க்க 2001ல 35,533 ஆம்பிளையளை வச்சு 'செலக்ட்' எண்ட பெரிய சோதனை தொடங்கினவை, ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம். 2008ல பிரயோசனம் இல்ல எண்டு இடையில நிப்பாட்டினது. மார்பகம் இல்லத்தான், ஆனா 'ரத்தத்தில குறைவு, அப்ப குடுத்தா நல்லம்' எண்ட யோசனை எவ்வளவு தூரம் தாங்கும் எண்டு அது காட்டினது. கூடிப்போனா செலினியம் தலைமயிரைக் கொட்டவைக்கும், நகத்தை உடைக்கும், வாயில உள்ளி மணம் வரும். கீமோவே மயிரைக் கொட்டுது, அதுக்கு மேல இதுவும் என்னத்துக்கு.

செம்பை இறக்கி வைத்தியம் செய்யிற யோசனை ஒண்டு உண்மையாவே இருக்கு, அது வேற கதை. கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளரச் செம்பு வேணும், அதனால டெட்ராதயோமொலிப்டேட் எண்ட மருந்தால செம்பைப் பிடிச்சு வச்சு, திரும்ப வரக்கூடிய ஆபத்து இருக்கிற மார்பகக் கான்சர் ஆக்களில நியூயோர்க்கில சோதிச்சவை, 2017ல முடிவு வந்தது, நம்பிக்கை குடுக்கிற மாதிரி. ஆனா அது செருலோபிளாஸ்மினை அடிக்கடி அளந்து அளந்து, டொக்டர்மாரின்ட கண்ணுக்கு முன்னால செய்யிறது, இன்னும் சாதாரண வைத்தியமா வரேல்ல. அதை வச்சுக்கொண்டு 'கீலேஷன்' எண்டு உலோகத்தைப் பிடிச்சு வெளிய எடுக்கிறம் எண்டு ட்ரிப் ஏத்துற இடங்களுக்குப் போகாதேங்கோ, அமெரிக்காவில பிழையான ஈடிடிஏ மருந்து ஏத்தி கல்சியம் விழுந்து செத்த ஆக்கள் இருக்கினம், அதில பிள்ளையளும். பஸ்பம், செந்தூரம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் கொண்டுவந்து தாறதும் கவனம். 2004ல பொஸ்டன் பக்கத்துக் கடைகளில வித்த தெற்காசிய மூலிகை மருந்து 70ஐ எடுத்துப் பார்த்ததில 14ல ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. வைத்தியரைக் குறை சொல்லேல்ல, எனக்கு மெஷின் சொல்லுறதுதான் தெரியும்.

சின்னம்மாவோட கிளினிக்குக்கு நானும் போனன். ரிப்போர்ட்டை நீட்டினன், டொக்டர் அம்மா ஒருக்காப் பார்த்திட்டு, மடிச்சு எங்கட கையிலயே தந்தா, கோவிக்கேல்ல. பிறகு ஃபைலைத் திறந்து பயொப்சி ரிப்போர்ட்ல ஈஸ்ட்ரஜன் ஏற்பி இருக்கோ, ஹெர்2 எண்ட புரதம் என்ன மாதிரி, கட்டி எத்தினை சென்டிமீட்டர், கக்கத்துக் கழலையில இருக்கோ எண்டு ஒவ்வொண்டா சின்னம்மாவுக்கு விளங்கப்படுத்தினா. வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது அதுகள்தான். "வீட்டில என்ன மாத்திரை எடுக்கிறீங்கள் அம்மா?" எண்டு கேட்டா, சித்தப்பா நிலத்தைப் பார்த்தார், சின்னம்மா போட்டுக் குடுத்திட்டா. சிங்க் அண்டைக்கே நிண்டுது.

உலோகம் ஒண்டும் பார்க்கத் தேவையில்ல எண்டும் இல்ல. டொக்டர் அம்மாவே ரெண்டு மூண்டு எழுதித் தந்தா. இரும்புக்கு ஃபெரிட்டின், ஆனா அதுவும் அழற்சியில ஏறுற சாமான், காய்ச்சல் நேரம் பார்த்தா இரும்பு குறைஞ்ச ஆளுக்கும் காணும் மாதிரிக் காட்டும் எண்டு அவவே சொன்னா, எனக்கு அதைக் கேக்க நல்ல சந்தோஷம். பிற்காலம் லெட்ரசோல் மாதிரி ஈஸ்ட்ரஜனைக் குறைக்கிற மாத்திரை தொடங்கினா எலும்பு மெலியும், அதுக்குக் கல்சியமும் விட்டமின் டியும். பிளட்டினம் கலந்த கீமோ குடுக்கிற ஆக்களுக்கு மக்னீசியம் விழலாம், அதையும் பார்ப்பினமாம். பிளட்டினமும் ஒரு உலோகம்தான், அதை உடம்புக்குள்ள ஏத்தித்தான் கனக்கக் கான்சரை அடிக்கிறாங்கள், இதைச் சொன்னன் எண்டு மச்சாள் இன்னும் என்னோட வடிவாக் கதைக்கிறதில்ல.

கடைசியா ஒண்டு, தங்கச்சி கேட்டவள். அக்குளுக்குப் பூசுற டியோட்ரன்ட்ல அலுமினியம் இருக்காம், அதாலயும் மார்பகக் கான்சர் வருமாம், வட்ஸ்அப்ல வந்ததாம். அப்பிடி வரும் எண்டு நம்பக்கூடிய ஆதாரம் இல்ல, பூசுங்கோ, கொழும்பு வெக்கைக்கு பஸ்ஸில பக்கத்தில நிக்கிற சனமும் பாவம்தானே. ஆனா மமோகிராம் எடுக்கிற நாளில மட்டும் பூசாமப் போங்கோ, அந்த அலுமினியத் துகள் படத்தில வெள்ளைப் புள்ளியாத் தெரியும், கான்சரின்ட ஆரம்பத்தில தெரியிற கல்சியப் புள்ளியோட குழம்பும். பவுடரும் வேண்டாம். தங்கச்சிக்கு 35 முடிஞ்சுது, எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ்ல வெல் வுமன் கிளினிக் நடக்கிறது, மார்பும் பார்ப்பினம், காசும் இல்ல. வாற கிழமை கூட்டிக்கொண்டு போறன், அவள் வரமாட்டன் எண்டாலும்.